கோமுகிக்கு இந்தப் பக்கம்

மாதுங்கா,
24-8-1947

சிரஞ்சீவி ஜகந்நாதனுக்கு அண்ணா வெங்கடேஸ்வரன் எழுதுவது.

நானும் உன் மன்னி வாலாம்பாளும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை விசாரிக்கப் போவதில்லை. விசாரித்தால் குத்தலாக ஏதாவது எழுதுவாய். மாதுங்காவிலிருந்து தாராவிக்குக் காலாற நடந்தே வந்துவிடலாம். ஆனாலும் நீ ஜெயிலிலிருந்து வந்த நாள் முதலாக நாம் தபால்காரரைத்தான் நடக்க விடுகிறோம். இருக்கட்டும்.

நல்ல சேதி ஒன்று. தேவ்வாடி சமஸ்தானத்து ராஜா, சுதந்திரம் வந்த சந்தோஷத்தில், நாற்பத்திரண்டில் தண்டனை பெற்ற எல்லோருக்கும் மன்னிப்பு அளித்திருக்கிறார். உன் பெயருக்கான காகிதம் என் விலாசத்துக்கு வந்தது. இத்துடன் வைத்திருக்கிறேன். அடியில் ஒரு கையெழுத்து போட்டு அனுப்பினால் போதும், உன் பெயரில் இருக்கும் குற்றம் நீங்கிவிடும்.

பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் பிரம்மநாயகம் பிள்ளையிடம் பேசிவிட்டேன். கணக்கு வாத்தியார் இடம் காலியாக இருக்கிறது. "ஒங்க தம்பி கணக்குல புலின்னு தெரியும். ஆனா கோயில்ல கலகம் பண்ணினான்னு ஒரு தண்டனை இருக்கே, கமிட்டிக்காரங்க கேப்பாங்கல்லா? அது தீந்ததுன்னு ஒரு காயிதம் கொண்டாரச் சொல்லுங்க" என்றார். அந்தக் காகிதம்தான் இப்போது உன் கையில் இருக்கிறது. பி.ஏ. படித்தவன் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் எண்ணிக்கொண்டிருந்தது போதும்.

யோசிக்காதே. யோசித்தால் நீ கெடுப்பாய்.

இப்படிக்கு,
வெங்கடேஸ்வரன்

*

தாராவி,
27-8-1947

அண்ணாவுக்கு,

காகிதம் வந்தது. கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன்.

அதைக் கடைசி வரி வரை படித்தீர்களா? "தேவ்வாடி எல்லைக்குள் அத்துமீறி நுழைந்து, உம்பர்டேக் மலை உச்சியிலுள்ள சிவன் கோயிலில் கலகம் செய்தது குற்றம் என உணர்ந்து, மகாராஜாவின் மன்னிப்பை ஏற்கிறேன்" என்று இருக்கிறது. நான் எதை உணர வேண்டும்? உம்பர்டேக் உச்சி தேவ்வாடியுடையது இல்லை. தாணா ஜில்லாவைச் சேர்ந்தது, பம்பாய் மாகாணத்து மண். என் வீட்டுக் கூடத்தில் நின்றவனை அடுத்த வீட்டுக்காரன் வந்து பிடித்துக்கொண்டு போய், ஆறு மாதம் பூட்டி வைத்து, முழங்காலையும் உடைத்துவிட்டு, இப்போது பெரிய மனசு பண்ணி மன்னிக்கிறான். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டும், அப்படித்தானே?

அப்போது நீங்களும் ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தீர்கள். "என் தம்பி அறியாமல் தங்கள் எல்லைக்குள் வந்துவிட்டான், தயவு காட்ட வேண்டும்" என்று. அதனால்தான் ஒரு வருஷம் ஆறு மாதமாகக் குறைந்தது என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். நான் ஒரு வருஷமே இருந்திருப்பேன் அண்ணா. நான் வாய் திறந்து சொல்லாததை எனக்காக நீங்கள் சொன்னீர்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

தோல் மண்டியைப் பற்றிக் கேவலமாக எழுத வேண்டாம். ஜெயிலிலிருந்து நொண்டிக்கொண்டு வந்தவனை ஜெயினுலாப்தீன் ராவுத்தர் எந்தக் காகிதமும் கேட்காமல் கணக்கில் உட்காரவைத்தார்.

மன்னிக்கு நமஸ்காரம். அவள் கொடுத்தனுப்பிய கைமுறுக்கு தீர்ந்துவிட்டது.

ஜகந்நாதன்

*

மாதுங்கா,
1-9-1947

ஜகந்நாதனுக்கு,

திமிர் பிடித்தவனுக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எல்லையைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாய். பதினெட்டு வருஷமாக நில ரிக்கார்டுகளோடு மாரடிக்கிறவன் நான். எந்தக் கிராமம் எங்கே முடிகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நம் சர்க்காருக்கும் தேவ்வாடிக்கும் பழைய உடன்படிக்கை ஒன்று உண்டு. உச்சியில் விழும் மழை எந்தப் பக்கம் இறங்குகிறதோ, உச்சி அந்தப் பக்கத்தாருக்கு. தெற்கே இறங்கினால் நமக்கு, வடக்கே இறங்கினால் தேவ்வாடிக்கு. தேவ்வாடியார் என்ன சொல்கிறார்கள் என்றால், உச்சியில் இருக்கும் கோயிலின் தண்ணீர் கோமுகி வழியாக வடக்கே, அவர்கள் பக்கம்தான் விழுகிறது. ஆகவே உச்சி அவர்களுடையது. நம் சர்க்கார் இதுவரை மறுத்ததில்லை. சர்வே படத்தில் அந்த இடத்தில் வெறும் புள்ளிக்கோடு. ஒரு மொட்டைப் பாறைக்காக யார் சண்டை போடுவார்கள்?

நீ வேண்டுமானால் போடு. அதற்குள் கணக்கு வாத்தியார் வேலை வேறு யாருக்காவது போய்விடும்.

வெங்கடேஸ்வரன்

பின்குறிப்பு: மன்னி முறுக்கு சுற்றுகிறாள். தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை.

*

தாராவி,
5-9-1947

அண்ணாவுக்கு,

புள்ளிக்கோட்டைப் பார்த்தவர் நீங்கள். பாறையைப் பார்த்தவன் நான்.

அன்று நடந்ததை நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஆகஸ்டு மாதம், நல்ல மழை. எங்கள் கோஷ்டி உச்சியில் கொடியை நட்டுவிட்டுப் பாடிக்கொண்டிருந்தது. தேவ்வாடிப் போலீஸ் வடக்குச் சரிவில் ஏறி வந்தார்கள். மற்றவர்கள் தெற்கு வழியாகத் தப்பி இறங்கட்டும் என்று நான் கொடியைப் பிடுங்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி ஓடினேன். போலீஸ் முழுக்க என் பின்னால் வந்தது. வடக்குப் பக்கம் திரும்பியதும் எதிரே கோமுகி. அதன் வாய்க்கால் இடுப்பளவு உயரத்துக்குக் கல்லால் கட்டியது. ஒரு தாவு தாவியிருந்தால் அந்தப் பக்கம் புதர்க்காடு, ஒருத்தனும் என்னைப் பிடித்திருக்க முடியாது.

நான் தாவவில்லை. சிரிக்காதீர்கள். பூணூலைக் கழற்றி ஆணியில் மாட்டியவன், சந்தியாவந்தனத்தை விட்டவன், உங்களிடம் சாமி இல்லை என்று வாதாடியவன். ஆனால் சிவன் கோயிலில் கோமுகியைத் தாண்டக் கூடாது, அதுவரை போய்த் திரும்ப வேண்டும் என்று நடக்கப் பழகிய நாளிலேயே பழகின கால். அது தானாக நின்றது, தானாகத் திரும்பியது. திரும்பி நேரே ஹவில்தாரின் தடிக்கு முன்னால் போய் நின்றேன்.

அவர்கள் என்னைக் குப்புறத் தள்ளினபோது என் முகம் பாறையில் இருந்தது. மழைத்தண்ணீர் என் மூக்கை ஒட்டி ஓடியது. தெற்கே ஓடியது. இதை நான் கோர்ட்டில் சொன்னேன், சிரித்தார்கள்.

என் முழங்கால் இனி மலை ஏறாது. ஏறினால் நானே போய்க் காட்டுவேன்.

ஜகந்நாதன்

*

மாதுங்கா,
23-9-1947

சிரஞ்சீவி ஜகந்நாதனுக்கு,

படுக்கையில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். தொடை இரண்டும் கல்லாகக் கிடக்கிறது. மன்னி விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டே திட்டுகிறாள்.

உம்பர்டேக் போய் வந்தேன்.

உனக்காகப் போனேன் என்று நினைக்காதே. நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆபீசில் வேலை ஓடவில்லை. நான் கையாளுகிற ரிக்கார்டில் ஒரு தப்பு இருக்கிறது என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் அது எனக்குப் பல்லில் சிக்கின பாக்கு மாதிரி. புறப்படும்போது மன்னி, "ஏன்னா, இந்த மழையிலே குடையைப் பிடிச்சுண்டா மலை ஏறப் போறேள்? காத்தடிச்சா குடை இங்கே இருக்கும், நீங்கதான் பறப்பேள்" என்றாள். குடைதான் பறந்தது. பாதி மலையிலேயே போயிற்று. வழிகாட்ட வந்த ஆள் "சலோ பாபுஜி, தோடா ஹை, தோடா ஹை" என்று, இதோ கொஞ்ச தூரம்தான் என்று சொல்லிச் சொல்லியே என்னை உச்சிக்கு ஏற்றிவிட்டான்.

மேலே நல்ல மழை. முதலில் ஸ்வாமி தரிசனம். பிறகு வழக்கம்போல் பிரதட்சிணம் செய்தேன். வடக்கே கோமுகி வந்தது. நின்றேன். திரும்பினேன். திரும்பின பிறகுதான், நீ நின்ற இடம் இது, நீ திரும்பின இடம் இது என்று உறைத்தது. ஜகு, மழையில் அழுதால் ஒரு சௌகரியம், யாருக்கும் தெரியாது.

பிறகு உத்தியோகஸ்தனாக உட்கார்ந்து பார்த்தேன். கோமுகி எங்கே இருக்கிறது? வடக்கே. எந்தச் சிவன் கோயிலில்தான் வடக்கே இல்லை? மலை தேவ்வாடியில் இருந்தாலும் சரி, திருவனந்தபுரத்தில் இருந்தாலும் சரி, கோமுகி வடக்கேதான் வைப்பார்கள். அதில் வருவது பூசாரி அபிஷேகத்துக்கு ஊற்றும் தண்ணீர். உச்சியில் விழும் மழை அதில் சேரவே சேராது. வாய்க்காலைத்தான் தூக்கிக் கட்டியிருக்கிறார்களே! மழை கோயில் மேடையிலிருந்து இறங்கி, பாறை முழுக்கப் பரவி, ஒரு சொட்டு பாக்கி இல்லாமல் தெற்கே போகிறது. கோமுகிக்கு அப்பால் பாறை ஒரு வரம்பு போல மேடேறுகிறது. அந்த வரம்பைத் தாண்டினால்தான் தேவ்வாடி.

ஆகவே கேள். கோயில் நம்முடையது. மேடை நம்முடையது. கோமுகிக்கு இந்தப் பக்கம் முழுக்க நம்முடையது. நீ தாவியிருந்தால் அத்துமீறி நுழைந்தவன். தாவாததால் உன் மண்ணிலேயே நின்றவன்.

அந்த மன்னிப்புக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். நீ திருப்பி அனுப்பினது சரி.

அண்ணா

*

தாராவி,
28-9-1947

அண்ணாவுக்கு,

கடிதத்தை ராவுத்தருக்கு வாசித்துக் காட்டினேன். "தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்க ஒரு மனுசன் இந்த மழையில மல ஏறுனாராவே? அண்ணன்னா அவருல்லா அண்ணன்! நீரு என்னமோ அவரப் பயந்தாங்குளின்னீரு" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். நான் அப்படிச் சொன்னது உண்மைதான். மறைக்கவில்லை.

உங்களுக்குத் தெரிந்தது எனக்குப் போதும் என்று எழுத நினைத்தேன். எழுத முடியவில்லை. போதவில்லை. என்னைத் தண்டித்தவர்கள் வாயால் வர வேண்டும். மன்னித்தோம் என்றல்ல, அதிகாரமே இருந்ததில்லை என்று. இது வீம்பு என்றால் வீம்பாகவே இருக்கட்டும்.

தொடைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஜகந்நாதன்

*

மாதுங்கா,
30-11-1947

ஜகுவுக்கு,

வீம்பு உனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. மன்னி தினமும் என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள்.

தேவ்வாடி நியாயாதீசருக்கு என் பெயரிலேயே மனுப் போட்டுவிட்டேன். மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். "சர்க்கார் உத்தியோகஸ்தன் ஒரு சமஸ்தானத்தின் மேல் புகார் கொடுக்கலாமா? உத்தியோகத்தில் பற்று இல்லையா?" என்றார். "சார், சர்க்கார் மண் ஒரு முகடு விட்டுப்போயிருக்கிறது. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது உத்தியோகத்தில் பற்று இல்லாமலா?" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, நம் மாம்லத்தாரையும் உடன் போகச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். தாசில்தாரைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள், உனக்குத் தெரியாததா.

ஆபீசில் எல்லோரும் இன்னொன்றும் சொல்கிறார்கள். சமஸ்தானங்களெல்லாம் சீக்கிரமே மாகாணத்தோடு சேர்ந்துவிடுமாம். எல்லையே இல்லாமல் போகப்போகிறபோது எல்லைக்காக ஏன் அலைகிறாய் என்று கேட்கிறார்கள். அதற்காகத்தான் அலைகிறேன் என்றேன். தேவ்வாடி என்று ஒன்று இல்லாமல் போய்விட்டால், உன்னிடம் தப்புச் செய்தோம் என்று சொல்ல யார் இருப்பார்கள்? அது இருக்கும்போதே அதன் வாயால் வாங்கியாக வேண்டும்.

நியாயாதீசர் நேரில் வந்து பார்க்கச் சம்மதித்தார். ஆனால் ஜனவரியில்தான் வர முடியுமாம். ஜனவரியில் மழைக்கு எங்கே போவேன்? தண்ணீரைக் கீழிருந்து தூக்கிப் போய் ஊற்றித்தான் காட்ட வேண்டும். குடம் ஆகாது. பல இடங்களில் இரண்டு கையாலும் பாறையைப் பிடித்து ஏற வேண்டியிருக்கிறது. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

அண்ணா

*

தாராவி,
6-12-1947

அண்ணாவுக்கு,

தோன்றியது. நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா என்பதுதான் சந்தேகம்.

தெருவில் தண்ணீர் தெளிக்கிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்கிற தோல் பை இருக்கிறதல்லவா, மஷக்? அது எங்கள் மண்டித் தோலில்தான் தைக்கிறார்கள். ஆட்டுத்தோல் பை மூன்று தருகிறேன் என்றார் ராவுத்தர். கூட வர இரண்டு ஆட்களும் உண்டு. மூன்றாவது பைக்கு ஆள் இல்லை, மண்டியில் வேலை மும்முரம். அங்கேயே கூலிக்கு யாரையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

தோல் பையோடு உங்களைக் கோயில் மலையில் நடக்கச் சொல்வதற்கு எனக்கே கூச்சமாக இருக்கிறது. வேண்டாமென்றால் வேண்டாம், வருத்தமில்லை.

ஜகந்நாதன்

*

மாதுங்கா,
17-1-1948

சிரஞ்சீவி ஜகந்நாதனுக்கு,

மூன்றாவது பையை நான் தூக்கினேன்.

கூலிக்கு ஆள் இருந்தான். வேண்டாமென்றுவிட்டேன். ஈரத்தோல் முதுகில் ஒட்டி, தண்ணீர் கசிந்து பஞ்சகச்சத்தையெல்லாம் நனைத்தது. ராவுத்தரின் ஆட்கள் "ஐயரே, இங்க குடுங்க" என்று பாதி வழியில் கையை நீட்டினார்கள். கொடுக்கவில்லை.

உச்சியில் நியாயாதீசர், நம் மாம்லத்தார், திவான் கச்சேரி வக்கீல் மூவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பூசாரி தோல் பையைப் பார்த்ததும் குதித்தார். "கோயிலிலே அடிக்கிற நகாராவுக்குத் தங்கத்தகடா போர்த்தியிருக்கிறது?" என்று எனக்குத் தெரிந்த மராட்டியில் கேட்டேன். அதோடு அடங்கினார்.

வக்கீல் எழுந்தார். நான் நாற்பத்திரண்டில் எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்துப் படித்தார். "பாருங்கள், குற்றவாளியின் சொந்த அண்ணனே இது தேவ்வாடி எல்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "அன்றைக்கு நான் மலை ஏறிப் பார்க்கவில்லை. இன்றைக்கு இரண்டாம் முறையாக ஏறி நிற்கிறேன். எந்த வார்த்தை பெரியது என்று தண்ணீர் சொல்லட்டும்."

கோயில் மேடைக்கு மேலே உச்சிப் பாறையில் முதல் பையைக் கவிழ்த்தோம். ஜகு, என் பிராணன் போய்த் திரும்பியது. தண்ணீர் வடக்கே ஓடிற்று! நேராகக் கோமுகியைப் பார்த்து ஓடிற்று. வக்கீல் மீசையைத் தடவினார். இரண்டாவது பை. அதுவும் வடக்கே. வாய்க்கால் அடிவரை போய், பாறை வரம்பில் முட்டி, அங்கேயே குளம்போல் தேங்கிற்று. மழையில் அந்தப் பள்ளம் நிரம்பியே கிடந்ததால் முன்பு இது என் கண்ணில் படவில்லை. நான் மூன்றாவது பையைக் கவிழ்த்தேன். தேங்கின தண்ணீர் கொஞ்சம் அசைந்தது, வரம்பை ஒட்டியே வளைந்தது, திரும்பியது. திரும்பிக் கோயிலைச் சுற்றிக்கொண்டு, கீழே இறங்கி, நாற்காலிக் கால்களை நனைத்து, நியாயாதீசரின் ஜோட்டுக்கடியில் புகுந்து தெற்கே ஓடிற்று. கோமுகி வரை போய்த் தாண்டாமல் திரும்பிற்று, உன்னைப் போல.

நியாயாதீசர் காலைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் போகிற வழியைக் குனிந்து பார்த்தார். வக்கீல் கோமுகித் தண்ணீரைப் பற்றி ஆரம்பித்தபோது கையமர்த்தி, "தெய்வத்துக்கு மனிதன் ஊற்றுகிற தண்ணீர் வேறு, வானம் ஊற்றுகிற தண்ணீர் வேறு. உடன்படிக்கை வானத்தைப் பற்றியது" என்றார். பிறகு உன்னை எந்த இடத்தில் பிடித்தார்கள் என்று கேட்டார். வக்கீல் வாயாலேயே வந்தது: "கோமுகி அருகில், தாண்டுவதற்கு முன்."

நேற்று உத்தரவு வந்தது. அதை மூன்று முறை உரக்கப் படித்தேன், மன்னிக்கு ஒரு முறை, ஆபீசில் ஒரு முறை, பிரம்மநாயகம் பிள்ளை வீட்டு வாசலில் ஒரு முறை. உனக்காக இங்கே தமிழில் எழுதுகிறேன்: "உம்பர்டேக் உச்சி தேவ்வாடி எல்லைக்கு உட்பட்டதல்ல. அங்கே நின்ற ஜகந்நாதனைப் பிடிக்கவோ விசாரிக்கவோ தண்டிக்கவோ இந்தச் சமஸ்தானத்துக்கு எக்காலத்திலும் அதிகாரம் இருந்ததில்லை. தண்டனை செல்லாது." மன்னிப்பு என்ற வார்த்தை எங்கேயும் கிடையாது. தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்.

கணக்கு வாத்தியார் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் உன்னை எதிர்பார்க்கிறார்கள்.

ஆபீசில் ஒருவன் கேட்டான், கோமுகிக்குப் பயந்து போலீசில் மாட்டிக்கொண்டவனா உன் தம்பி என்று. "ஆமாம்டா. தன் எல்லை எது என்று காலுக்கே தெரிந்தவன்" என்றேன். இந்த ஊரில் எவனுக்கடா அப்படி ஒரு தம்பி இருக்கிறான்?

அண்ணா

*

தாராவி,
20-1-1948

அண்ணாவுக்கு,

நேற்றுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டேன். காகிதம் எங்கே என்று பிள்ளை கேட்கவில்லை. நீங்கள் வாசலில் நின்று படித்தது அவர் வீட்டு மாடிவரை கேட்டதாம்.

ராவுத்தர் அந்த மூன்றாவது பையை விற்கமாட்டேன் என்கிறார். மண்டியில் தன் தலைக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம், "இது மாதுங்கா ஐயரு சுமந்த பையி" என்று காட்டுகிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எங்கள் அண்ணா" என்கிறேன்.

உத்தரவை ஒரு முறைதான் படித்தேன். உங்கள் கடிதத்தை எத்தனை முறை என்று சொல்லமாட்டேன்.

இதுதான் தபாலில் வருகிற கடைசிக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தே வருகிறேன், முழங்கால் அவ்வளவு தூரம் தாங்கும். மன்னியிடம் ஓர் இலை கூடப் போடச் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்க வரவில்லை, கொடுக்கவும் வரவில்லை. பசிக்கிறது, சாப்பிட வருகிறேன்.

தங்கள் தம்பி,
ஜகு